சூட்டில் மட்டும் விக்கும் இஞ்சின்

கரையில் நன்றாக ஓடிவிட்டுக் கடலுக்குள் போனதும் விக்கத் தொடங்கும் இஞ்சினைப் பற்றி எண்ணூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் உடனே ஒரு காரணம் சொல்வார்கள். பிளக் என்பார் ஒருவர், கார்புரேட்டர் என்பார் இன்னொருவர், எண்ணெயில் கலப்படம் என்பார் மூன்றாமவர். எல்லாருமே தங்கள் இஞ்சினில் அப்படி ஒன்றைக் கண்டு திருத்தியவர்கள்தான். ஆகவே அந்தப் பேச்சை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. சூடேறிய பிறகு மட்டும் வரும் கோளாறை, இஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, நிழலில், பட்டறை மேசைமேல் வைத்துத் தேடுகிறோம். காய்ச்சல் இறங்கிய பிறகு நோயாளியை வைத்தியரிடம் அழைத்துப்போவதைப் போன்ற வேலை இது. அங்கே எல்லா உறுப்பும் நல்லதாகவே தெரியும். பிறகு யூகத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவோம். பணம் போகும், கோளாறு போகாது.

தாழங்குப்பத்தில் இருக்கும் என் தாய்மாமாவின் ஃபைபர் படகில் நடந்ததை வைத்தே இதை எழுதுகிறேன். படகின் பின்பலகையில் மாட்டியிருப்பது இரண்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சின். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது தெரிந்ததே. காசிமேட்டுப் பெரிய படகுகளெல்லாம் கட்டிக்கிடக்கும் அந்த நாட்களில் ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். வருஷத்தில் நான்கு காசு பார்க்கிற காலம் அது. அந்தக் காலத்தில்தான் மாமாவின் இஞ்சின் படுத்தத் தொடங்கியது. "மாப்ள, கரையில வெச்சா நல்லாத்தான் ஓடுது. முகத்துவாரம் தாண்டி கொஞ்ச தூரம் போனா விக்குது, அப்புறம் இழுவையே இல்ல. நிறுத்திட்டா உடனே ஸ்டார்ட் ஆவமாட்டேங்குது. சும்மா வுட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது" என்றார். நான் மணலியில் ஓர் ஆலையில் மோட்டார் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். அவர் என்னிடம் வரும்போது பிளக் புதிது, பிளக்குக்கு உயர் அழுத்தக் கரண்ட் தரும் எச்.டி. காயில் புதிது, அந்தக் காயிலுக்கு உரிய கணத்தில் கரண்ட்டை விடும் சிடிஐ பெட்டியும் புதிது. மூன்றுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது. விக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் சொன்ன கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆறினால் தானாகச் சரியாகிவிடும் கோளாறு என்பது தேய்ந்துபோன பொருளின் குணம் அல்ல. தேய்ந்த பிஸ்டன் ரிங் ஆறியபின் புதிதாகிவிடாது. சூட்டில் விலகி, ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, அல்லது சூட்டோடு கூடவே நடக்கும் வேறு ஏதோ ஒன்றைச் சூடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டாவது வாய்ப்பை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது.

சூட்டோடு கூடவே நடப்பவை

மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இஞ்சினில் அது துளியாகவே உள்ளே போய்ப் பிளக்கை நனைத்துக் கரி பிடிக்கவைக்கும். அதனால்தான் பெட்ரோலில் கிளப்பிச் சூடேற்றியபின் வால்வைத் திருப்புகிறோம். கரை சேருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சியிருக்கும் மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட்டு நிறுத்துகிறோம். ஆக, இஞ்சின் சூடாவதும் எண்ணெய் மாறுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. சூடானதும் விக்குகிறது என்று ஒருவர் சொல்வதும், மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் விக்குகிறது என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே காட்சியைப் பார்த்துத்தான். எது உண்மை என்று கரையில் உட்கார்ந்து எவ்வளவு வாதிட்டாலும் தெரியாது. டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான மசகு எண்ணெய்) கலந்த பெட்ரோலிலேயே போய்வருமளவுக்கு நிரப்பி, மண்ணெண்ணெயைத் தொடாமல் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவு கூடுதல்தான், ஆனால் மாற்றிய சிடிஐ பெட்டியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. மாமா அப்படியே ஓட்டினார். பெட்ரோலிலும் அதே போல விக்கியது. கலப்பட எண்ணெய் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்தது டேங்க்கின் காற்றுத்துளை. மூடியில் இருக்கும் திருகைத் திறக்க மறந்தாலோ, உப்பேறி அது அடைத்துக்கொண்டாலோ, எண்ணெய் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி இஞ்சினுக்கு எண்ணெய் வருவது தடைப்படும். இதுவும் கிளப்பிச் சிறிது நேரம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால் சூட்டுக் கோளாறு போலவே வேஷம் போடும். ஹோஸின் உள்தோல் பிரிந்து மடங்கினாலும், எங்காவது காற்று இழுத்தாலும் இதே கதைதான். இவை அத்தனையையும் ஒருசேரச் சோதிக்க எளிய வழி உண்டு: விக்கும் நேரத்தில் எண்ணெய்க் குழாயிலுள்ள ரப்பர் பம்ப்பைக் கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்த அழுத்த இஞ்சின் தெளிந்தால் எண்ணெய் வரத்தில் குறை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பலாம். மாமாவின் மகன் அழுத்திப் பார்த்தான். மாற்றம் இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் இஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு இம்பெல்லர் மீது, அதாவது குளிரூட்டும் நீரை இழுத்துத் தரும் ரப்பர்ச் சக்கரத்தின் மீது, சந்தேகம் வருவது மிக நியாயம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துபோன நீர் இது. சாம்பலும் மணலும் கலந்த தண்ணீரை இழுத்து இழுத்து ரப்பர் இதழ்கள் சீக்கிரம் தேயும்; இதழ் தேய்ந்தால் குளிரூட்டும் நீர் குறையும்; இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு வந்து கழிமுகம் முழுவதும் பரவியதிலிருந்து, எந்த இஞ்சின் படுத்தாலும் அந்த எண்ணெயைக் காரணம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன், அது எங்களைவிட்டுப் போகாது. ஆனாலும் இந்த இஞ்சினில் நீர் தெறிக்கும் துளையிலிருந்து தண்ணீர் வலுவாகவே வந்துகொண்டிருந்தது; கையால் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் இல்லை. பெரிய இஞ்சின்கள் சிலவற்றில் சூடு எல்லை மீறினால் இஞ்சினே கரண்ட்டைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அவற்றில் விக்கல் என்பது எச்சரிக்கை, அதை மீறி ஓட்டினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆகவே எந்த இஞ்சினாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான்.

நிறுத்தும் சுவிட்சின் ஒயரையும் கழற்றிப் பார்த்தோம். அந்த ஒயர் எங்காவது தோலுரிந்து இஞ்சின் உடம்பில் பட்டால், அது நிறுத்தச் சொல்வதாகவே சிடிஐ எடுத்துக்கொள்ளும். அதிர்விலும் சூட்டிலும் விட்டுவிட்டுப் படும். காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் ஒயரைக் கழற்றிய பிறகு சுவிட்சால் இஞ்சினை நிறுத்த முடியாது. சோக்கை முழுவதும் இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். அதைப் படகில் இருக்கும் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒயரைக் கழற்றியும் விக்கியது.

விளக்கைக் கொண்டு பார்த்தது

இஞ்சின் விக்கும்போது, காம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) சரியாக இருக்கும்பட்சத்தில், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பிளக்குக்குக் கரண்ட் வரவில்லை. அல்லது கரண்ட் வந்தும் எரிவதற்குச் சரியான கலவை இல்லை. இவற்றில் எது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கரண்ட் வருகிறதா என்று பார்க்கப் பட்டறையில் செய்வது என்ன? பிளக்கைக் கழற்றி, இஞ்சின் உடம்பில் வைத்து, கயிற்றை இழுத்துப் பொறியைப் பார்ப்பார்கள். ஆறிய இஞ்சினில், காம்ப்ரஷன் இல்லாத திறந்த காற்றில், மெதுவாகச் சுற்றும்போது வரும் பொறி அது. அது நன்றாக வந்தது என்பதற்கு, சூடான இஞ்சினில் முழு வேகத்தில் வரும் என்று பொருளில்லை. தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டுவதும் பாதி வேலைதான். டிரம்மில் சுமை இல்லை, கலங்கிய தண்ணீரையே ப்ரொப்பல்லர் மறுபடி கலக்கிக்கொண்டிருக்கிறது, திராட்டிலை முழுவதும் திறக்க முடியாது. கடலில் ஏறுகிற சூடு அங்கே ஏறவே ஏறாது.

அதனால் கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டைமிங் லைட் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். அதன் கவ்வியைப் பிளக் ஒயரின் மேல் மாட்டினால் போதும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. அந்த ஒயரில் ஒவ்வொரு முறை கரண்ட் பாயும்போதும் விளக்கு ஒருமுறை மின்னும். அதற்கு 12 வோல்ட் வேண்டும், ஆகவே ஒரு பைக் பேட்டரியும் எடுத்துக்கொண்டோம். பேட்டரி இணைப்பைக் கரையிலேயே, டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டோம். பெட்ரோல் ஆவி இருக்குமிடத்தில் கவ்வியை மாட்டிக் கழற்றினால் வரும் சின்னப் பொறியே போதும், படகு எரிய. கடலுக்குள் போகவில்லை. ஓதம் ஏறிய நேரமாகப் பார்த்து, கொசஸ்தலை ஆறு கடலைச் சேருமிடத்துக்கு உள்பக்கம், அலையில்லாத நீரில் மேலும் கீழுமாக வேகமாக ஓட்டினார் மாமா. இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றியிருந்ததால் உச்சியில் சுழலும் மேக்னெட் (காந்தம் பதித்த சக்கரம்) பக்கம் கை போகாதபடி நான் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டேன். வெயிலில் விளக்கின் மின்னல் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். விளக்கையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளங்கையில் ஒளியைப் பாய்ச்சினேன். சூடேறும் வரை மின்னல் விடாமல், தொடர்ந்த ஒளியாகவே தெரிந்தது. முதல் விக்கல் வந்தபோது உள்ளங்கை ஒரு கணம் இருண்டது. அடுத்த விக்கலுக்கும் இருண்டது. கவ்வியை இரண்டாவது சிலிண்டரின் ஒயருக்கு மாற்றினேன். அங்கும் விக்கலோடு சேர்ந்தே இருண்டது.

அந்த இருட்டில்தான் விஷயம் தெளிந்தது. விக்கும்போது மின்னல் விடாமல் வந்திருந்தால் குறை எண்ணெய்ப் பக்கம் என்று பொருள். மின்னல் நின்றதால், குறை கரண்ட்டில். இரண்டு ஒயரிலும் நின்றதால், ஒரு பிளக்கோ ஒரு ஒயரோ காரணமாக இருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. இந்த இஞ்சினில் ஒரே எச்.டி. காயில்தான் இரண்டு பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கிறது, அது புதிது. சிடிஐயும் புதிது. நிறுத்தும் ஒயர் கழற்றப்பட்டிருந்தது. மிஞ்சியவை மேக்னெட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு காயில்கள்: சிடிஐக்கு மின்சாரம் தரும் சார்ஜ் காயில், எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்று சொல்லும் பல்சர் காயில். மாற்றப்பட்டவை அத்தனையும் மூடியைத் திறந்ததும் கைக்கு எட்டுபவை என்பதையும், மாற்றப்படாத இரண்டும் புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டு மேக்னெட்டைக் கழற்றினால்தான் எட்டுபவை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

மேக்னெட்டைக் கழற்றி இரண்டு காயில்களையும் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். ஆறிய நிலையில் மீட்டரில் பார்த்தால் இரண்டும் கையேட்டில் போட்டிருக்கும் எல்லைக்குள்ளேயே இருந்தன. பட்டறையில் யாராவது மேக்னெட்டைக் கழற்றியிருந்தாலும் இங்கேதான் நின்றிருப்பார்கள். நல்ல காயில் என்று எழுதித் திருப்பி மாட்டியிருப்பார்கள். எங்கள் ஆலையில் சூட்டில் மட்டும் டிரிப் ஆகும் மோட்டாரைச் சூடாக இருக்கும்போதே அளப்பது வழக்கம். அதையே இங்கும் செய்தேன். மாமா மகளின் ஹேர் டிரையரை வாங்கி, மீட்டர் ஒயர்களை முதலைக் கவ்வியால் சார்ஜ் காயிலில் மாட்டி, சூட்டுக்காற்றை மெதுவாகக் காட்டினேன். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுவது இயல்பு. அதைக் கண்டு காயில் கெட்டது என்று முடிவுகட்டக் கூடாது. சார்ஜ் காயில் அப்படித்தான் நிதானமாக ஏறி நின்றது. பிறகு பல்சர் காயில். அதுவும் முதலில் நிதானமாகவே ஏறியது. திடீரென்று எண் தாறுமாறாகக் குதித்தது, திரையில் ஓ.எல். என்று விழுந்தது. கம்பி உள்ளே அறுந்துவிட்டது என்று பொருள். டிரையரை நிறுத்திவிட்டு மேசை விசிறியைத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஓ.எல். மறைந்து பழைய எண்ணே வந்தது. மாமா தானே டிரையரை வாங்கி மறுபடி காட்டினார், மறுபடி ஓ.எல். அவருக்கு ஓம் கணக்குத் தெரியாது, ஆனால் அந்தத் திரையில் நடந்தது தன் படகில் நடப்பதேதான் என்பது உடனே பிடிபட்டது.

காயிலின் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிக மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிப் பிசினால் மூடியிருக்கிறார்கள். சூட்டில் பிசின் செம்பைவிட அதிகமாக விரியும். கம்பியில் எங்காவது முடிக்கோட்டளவு விரிசல் இருந்தால், பிசின் விரியும்போது இரு முனைகளையும் பிரித்துவிடும். ஆறும்போது மறுபடி ஒட்டவைத்துவிடும். இந்தக் காயிலில் ஒயர் பிசினுக்குள் நுழையும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புநீர் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது போதிய சாட்சி. நிறுத்திய உடனே கிளம்பாததற்கும் விடை இதில் இருக்கிறது. ஓடும்போது குளிரூட்டும் நீர் சூட்டை எடுத்துப்போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தியதும் நீர் நின்றுவிடும், உலோகத்தில் இருக்கும் சூடு மேலே ஏறி மேக்னெட்டுக்கு அடியில் தேங்கும். ஆகவே நிறுத்திய முதல் சில நிமிஷங்களில் காயிலின் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். டீ குடித்து வரும் நேரத்தில்தான் அது இறங்குகிறது. புதுப் பல்சர் காயில் போட்டபிறகு மாமாவின் இஞ்சின் அந்தத் தடைக்காலம் முடியும்வரை விக்கவில்லை.

பார்த்ததற்குக் கூலி

இதைச் சொன்னதும் நண்பர்கள் பலர், முதலில் பார்த்த மெக்கானிக்கைத் திட்டத் தொடங்கினார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் கைத்திறன் உள்ளவர். ஒரு கார்புரேட்டரை அவர் பிரித்துச் சுத்தம் செய்து கோர்க்கும் அழகை நானே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் கரையில் மெக்கானிக்குக்கு எதற்குப் பணம் கொடுக்கிறோம்? பொருளுக்குக் கொடுக்கிறோம், அதை மாட்டிய கூலிக்குக் கொடுக்கிறோம். காரணத்தைக் கண்டுபிடித்த நேரத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. அரை நாள் படகில் உட்கார்ந்து, வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்துவிட்டு, "சிடிஐயும் காயிலும் நல்லாத்தான் இருக்கு, மாத்தாதீங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். எதையாவது மாற்றினால்தான் அவருக்கு அன்றைக்கு அடுப்பு எரியும் என்ற ஏற்பாட்டை நாமே வைத்துக்கொண்டு, ஏன் மாற்றினாய் என்று கேட்பது முறையல்ல.

இன்னொன்றும் உண்டு. கரண்ட் சம்பந்தப்பட்ட பொருளை ஒருமுறை மாட்டிவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே யூகம் தப்பினால் நஷ்டம் முழுவதும் படகுக்காரர் தலையில்தான். மாமாவின் வீட்டு அலமாரியில் இப்போது ஒரு நல்ல சிடிஐ பெட்டியும் நல்ல எச்.டி. காயிலும் கிடக்கின்றன, பழையவையும் நல்லவையே என்று மாட்டிப் பார்த்து உறுதிசெய்தோம். இந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஆராய்ச்சிக் கூலியாகக் கொடுத்திருந்தால் மெக்கானிக்குக்கும் வருமானம், மாமாவுக்கும் லாபம்.

அந்த மெக்கானிக்கிடமே மாமா இதைப் பேசினார். பழைய பல்சர் காயிலையும் டிரையரையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். அவர் பலமுறை சூடாக்கி ஆற்றிப் பார்த்தார். பிறகு, இதற்கு முன் தன்னிடம் வந்து தீராமல் போன இரண்டொரு இஞ்சின்களைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். இப்போது தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் சில படகுக்காரர்கள் அவரோடு ஒரு பேச்சுக்கு வந்திருக்கிறார்கள். சூட்டுக் கோளாறு என்றால் அவர் விளக்கோடு படகில் வந்து பார்ப்பார். பொருள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அதற்கு ஒரு கூலி உண்டு. அப்படிப் பார்த்த ஓர் இஞ்சினில் விக்கும்போதும் மின்னல் விடாமல் வந்தது. தேடியதில் எண்ணெய் ஹோஸின் உள்தோல் பிரிந்திருந்தது, ஒரு முழம் ஹோஸோடு வேலை முடிந்தது. ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் எரியும் பெட்ரோல் யார் கணக்கில் என்பதில்தான் இன்னும் இழுபறி. படகுக்காரர் கணக்கில் என்பது என் கட்சி. மாமா பாதிப் பாதி என்கிறார்.